ஒரே முகவரியிலிருந்து வந்தவர்கள்

எங்கள் சாட் சானலில் பாதிப்பேர் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள். மீதி, ஊரிலிருக்கும் அவர்கள் மனைவிமார். அதைத் தொடங்கிய அருமனைக்கார அக்கா, கைக்குழந்தையோடு எந்நேரமும் வீட்டில்தானே இருக்கிறேன் என்று என்னையும் நிர்வாகத்தில் சேர்த்துவிட்டார். துணைக்குப் பாட் என்று ஒரு தானியங்கி நிரல் இருந்தது. நாங்கள் தடை செய்த ஆள் திரும்ப நுழைந்தால் அந்த நிரலே வெளியே தள்ளிவிடும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எவனோ ஒருவன் வந்து பெண்களைப் பெயர் சொல்லி ஆபாசமாக எழுதினான். தள்ளினேன். பெயரை மாற்றிக்கொண்டு வந்தான். மறுபடி தள்ளினேன், மறுபடி வந்தான். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, அவன் வருகிற இணைய முகவரியையே தடைப் பட்டியலில் போட்டேன்.

மறுநாள் வெள்ளி, வளைகுடாவில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் என் கணவருக்கு விடுமுறை. மதியமே சானலுக்கு வந்துவிடுவார். வரவில்லை. ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சி மகளுக்கு ஊட்டிக்கொண்டே திரையைப் பார்த்ததில் கரண்டி அவள் கன்னத்தில் போய் இடித்தது. வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாரோ? போன் அடித்தது.

"ஏட்டி, கெட்டுன மாப்பிளைய வாசல்லயே வச்சுத் தள்ளுதியே, நியாயமா?"

"நானா? எப்போ?"

"உனக்க பாட்தான். நொழஞ்ச ஒடனே கழுத்தப் பிடிச்சு வெளிய விடுது. கேம்ப்ல ஒருத்தனாலயும் ஏற முடியல்ல. எங்க எல்லாருக்கும் ஒரே நெட் சென்டர், ஒரே முகவரிதானே மக்கா."

நானும் சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் அந்த ஆளும் அந்த கேம்ப்தான். வியாழன் சாயங்காலம் இவர் எங்கே இருந்தார்? கேட்டால் மனம் நோகாதா? கேட்காமல் எப்படி இருப்பது?

கேட்கவில்லை. தடையை எடுத்தால் அவன் மறுபடி வருவான். ஆகவே அந்த முகவரியிலிருந்து, நான் பதிவு செய்யும் பெயர்களை மட்டும் பாட் உள்ளே விடும்படி மாற்றி, முதல் பெயராக இவர் பெயரைச் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் இராஜாக்கமங்கலத்துப் பெண் ஒருத்தி எழுதினாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரரும் அதே கேம்ப்தான். உங்க ஆளு உள்ள, எங்க ஆளு வெளியவா?" அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் கேட்டார்கள். உன் கணவன் ஒழுங்கானவனா என்று அவர்களிடம் எப்படிக் கேட்பேன்? எல்லாரையும் சேர்த்தேன்.

அதன்பின் யாரும் ஆபாசமாக எழுதவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஆறு பேரும் ஒவ்வொருவராக நுழைவார்கள். "மோளு சாப்பிட்டாளா?" என்று இவர் கேட்பார். பதில் அடிக்குமுன் மற்ற ஐந்து பேரும் எழுதியதை ஒருமுறை வாசித்துவிடுவேன். அந்த வியாழக்கிழமை ஆள் அவர்களில் ஒருவனாக இருந்துவிட்டால் போதும் என்றிருக்கும்.