முளைத்த நெல்லும் ஒரு சிரிப்பு நாடகமும்

போன தை மாதம். பொங்கலுக்கு முன்னால் அறுக்க வேண்டிய சம்பா, விடாத மழையில் எங்கள் குத்தகை வயலில் சாய்ந்து தண்ணீரிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து பேசுவதையே விட்டுவிட்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், அவ்வளவுதான். அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகக்கூட எனக்குப் பயம்.

தஞ்சாவூரில் இருக்கும் என் தம்பி போன் செய்தான். "ஒரு சிரிப்பு நாடகம்க்கா. டீ, வடை காசுதான் டிக்கெட்டு. மாமாவ கூட்டிட்டு வா, கொஞ்சம் சிரிக்கட்டும்." எழவு வீட்டுக்காரனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட கதைதான். ஆனாலும் இழுத்துக்கொண்டு போனேன்.

சின்ன அரங்கு. சென்னையிலிருந்து வந்த ஐந்தாறு பிள்ளைகள். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாதாம். பார்க்க வந்தவர்கள் எதையாவது சொன்னால், அதை வைத்தே ஒரு மணி நேரம் நடித்துவிடுவார்களாம். "யாராவது ஒண்ணு சொல்லுங்க" என்றதும் என் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது.

"முளைச்ச நெல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு முளைப்பது என்றாலே நல்ல சேதி. மேளம் கொட்டி, ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுப்பதாக நடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கதிரிலேயே முளை விட்ட நெல்லை எவரும் வாங்கமாட்டார்கள் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

விவசாயியாக நடித்த பையன் திகைத்துப்போய், "ஐயா, ஏதாவது தப்பா பண்றோமா?" என்று கேட்டான். இவர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். உடனே அவன் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அழமாட்டோம் தம்பி. வரப்புல சும்மா நிப்போம்" என்றார் இவர்.

பையன் நிறுத்தினான். சும்மா நின்றான். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திரும்பும்போது பஸ்ஸில், "குத்தகைய விட்டுரலாம்" என்றார். மழைக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசிய முதல் பேச்சு அது. விட்டுவிட்டோம். இப்போது அந்த வயலை வேறு யாரோ உழுகிறார்கள், நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

சேதம் பார்க்க எத்தனையோ பேர் வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அவரோடு வரப்பில் நின்றது, நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பிள்ளைகள்தான்.