சட்டையில் இல்லாத கறை

பெங்களூரு காக்ஸ் டவுனில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிறேன். எதிர்வீட்டுக்காரரைக் கொலை வழக்கில் போலீஸ் பிடித்துப்போன அன்று, டிவி நிருபர் ஒருவர் என் முன்னால் மைக்கை நீட்டினார்.

"அவர் சட்டைய நீங்கதானே தேய்ப்பீங்க? ரத்தக்கறை இருந்துச்சாண்ணா?"

சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பேர் முன் பேசவே கூசும் எனக்கு. அந்த நிருபர் போனால் போதும் என்று, ஆமாம் எனத் தலையாட்டிவிட்டேன். டிவியில் அதையே நாள் முழுக்கக் காட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, அவர் நிரபராதி என்று கோர்ட் விடுவித்தது. அவர் மனைவியிடம், "சட்டையில கறையே இல்லம்மா," என்றேன்.

"தெரியும்ணா. துவைச்சு அனுப்பினதே நான்தானே," என்றார். "ஸ்கூல்லதான், கூடப் படிக்கிற பசங்க நீங்க தலையாட்டுன வீடியோவ இன்னும் போன்ல என் பொண்ணுகிட்ட காட்டுறாங்க."

அந்தப் பிள்ளை தினமும் என் வண்டியைத் தாண்டித்தான் போகிறது. இன்னும் அதனிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.