சபிஹாவின் களா நோன்பு

வில்லாபுரத்து சபிஹாவைப் போல நோன்பு பிடிக்கிறவள் நாலு தெருவில் கிடையாது என்று ஒரே பேச்சு. ரமலானில் மாதவிலக்கால் அவளுக்கு விட்டுப்போனது ஏழு நாள். அதை ஈடுகட்டுகிற களா நோன்பு என்று ஆரம்பித்தவள், ஆறு மாதமாகியும் நிறுத்தவில்லை. கன்னம் ஒட்டிப்போய், வளையல் முழங்கை வரை ஏறியது. முகத்தில் ஒளி இறங்குகிறது என்று மாமியார் சைனப் பூரித்துப்போனார். அடக் கொடுமையே, நோன்பு என்று பேர் வைத்துவிட்டால் பட்டினிக்குக்கூடப் பாராட்டு விழா எடுப்போம் நாம்!

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. இன்னொன்று பிறக்கும் என்று சொல்லி எல்லோரும் பேச்சை மூடினார்கள். அன்றிலிருந்து அந்த உடம்பு அவளுக்கு வேண்டாததாகிவிட்டது. பட்டினி கிடந்தால் அது இல்லாத மாதிரி நிம்மதியாக இருந்தது. ஆனால் சில பகல்களில் கை தன்பாட்டில் அள்ளும், வாய் மெல்லும்; யாரோ ஒருத்தி தின்பதை அவள் தள்ளி நின்று பார்ப்பாள். நினைவு திரும்பும்போது சட்டி காலியாக இருக்கும். தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுத்துவிட்டு மறுநாளும் நோன்பு பிடிப்பாள்.

ஒரு மத்தியானம் சைனப் கடைக்குப் போயிருந்த நேரம், நாத்தனார் நுஸைபா விளாங்குடியிலிருந்து சொல்லாமல் வந்தாள். அடுப்படித் தரையில் பிரியாணிச் சட்டியும் மசாலா அப்பிய கையுமாக சபிஹா. கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளை உலுக்கியதும் பதறி எழுந்து குளியலறைக்கு ஓடப் பார்த்தாள். நுஸைபா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது மதினி. அல்லா ஊட்டுனதுன்னு நெனச்சுக்கங்க."

"மறக்கல நுஸைபா. நான் இங்க இல்லவே இல்ல."

பிறகு விரல், வாந்தி, பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். விளாங்குடி முழுக்க இவளை உதாரணம் காட்டிப் பெருமையடித்தவள் நுஸைபாதான். நோயாளிக்கு நோன்பு இல்லை, காளவாசலில் மனநல டாக்டரம்மா இருக்கிறார், நாளைக்கே போகலாம் என்றாள்.

"இது நோயா? இதப் பாவம்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்" என்ற சபிஹா, அந்தப் பிள்ளைக்காக முதன்முறையாக அழுதாள்.

மருமகள் நோன்பு திறக்கவென்று பேரீச்சம்பழத்தைப் பொறுக்கி வாங்கிக்கொண்டு சைனப் வந்தார். இன்றைக்கு நோன்பு இல்லை, மதினிக்கு உடம்பு சரியில்லை என்றாள் நுஸைபா.

"அவளுக்கென்ன, நல்லாத்தான இருக்கா?"

சபிஹா முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"இல்ல மாமி. நான் நல்லா இல்ல."