தேங்காய் எண்ணெய் தடவிய ஜீப்

மாமா ஜீப் வாங்கிக்கொண்டு வந்த அன்று தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. ராணுவம் ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டு, இனி ஆகாது என்று கழித்த வண்டி அது. காடு, மலை, சேறு, மணல் எதிலும் போகும் என்று வந்தவர்களிடமெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் போகவேண்டியிருந்ததென்னவோ செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும்தான். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு நான்காம் வகுப்பு.

அம்மாவின் தம்பியான மாமாவும் தங்கையான சித்தியும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள். சித்தி எல்லோருக்கும் இளையவள். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம். கல்யாணமானதும் பெண் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும் என்பது பேச்சு. அப்பாவும் அம்மாவும் மாமாவும் கூடிப் பேசிச் சரி என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் பெண் பார்க்க வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர எங்கள் வீட்டு ஜீப் போகும்.

அங்கேதான் மாமாவுக்குக் கவலை பிடித்தது. பம்மலிலிருந்து வந்த மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, "இன்ஜின் நல்லா கீது சார். இந்த பிளாஸ்டிக்கு சமாச்சாரம்தான் பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதான். கித்தான் கூரையில் தைத்திருந்த பிளாஸ்டிக் ஜன்னல்கள் மஞ்சள் பூத்துக் கிடந்தன. கறுப்பு ஸ்டியரிங் சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. கியர் குமிழும் ரெக்சின் சீட்டும் அதே கதைதான். வண்டி பளபளத்தால் கல்யாணம் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்று மாமா எப்படியோ முடிவு கட்டிவிட்டார்.

முதலில் சோப்புத் தண்ணீர். அழுக்குப் போயிற்று, மங்கல் போகவில்லை. பிறகு மண்ணெண்ணெய். நாற்றம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. கடைசியில் சித்தியைத்தான் கேட்டார். அவள் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து, பனியன் துணியில் தொட்டு, ஜன்னலின் ஒரு மூலையில் வட்டமாகத் தேய்த்தாள். துடைத்தபோது அந்த வட்டத்துக்குள் எங்கள் முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. நான் அதில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொடி போட்டுத் தேய்த்தால் இன்னும் கீறல்தானே விழ வேண்டும் என்று அவளை விடாமல் அரித்தேன்.

"விழத்தான் செய்யுது. பெரிய கீறலையெல்லாம் சின்னச் சின்னக் கீறலா ஆக்கறோம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாயிட்டா, அதைத்தான் பளபளப்புன்னு சொல்றோம், பாப்பா" என்றாள்.

இரண்டு நாள் நான் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் பல்பொடியால் தேய்த்தேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடி உட்பட. அதற்கு வாங்கிய அடியை இங்கே விவரிக்க வேண்டாம்.

சனிக்கிழமை மாமா மறுபடியும் சித்தியிடம் வந்தார். "ஜன்னல் ஆச்சும்மா. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் என்ன பண்றது?"

சித்தி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கத்தி நின்றது.

"தேங்கா எண்ணெய் தடவுங்கண்ணா. தாராளமா தடவுங்க. துடைக்க வேணாம்."

தடவினோம். கறுப்பு கறுப்பாகவே திரும்பி வந்தது. ஸ்டியரிங்கில் என் முகம் தெரிந்தது. மாமா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "இப்ப வரச் சொல்லு அஸ்ஸாமை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்தார். அவருடைய அம்மா சந்தன நிறப் பட்டு. அப்பா கோட்டு. ஏறி உட்கார்ந்ததுமே அந்த அம்மாள் மூக்கைச் சுருக்கினார். கடைத்தெருவைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கியதும் புழுதி கிளம்பியது. அத்தனை புழுதியும் வண்டிக்குள் வந்து எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. எதைப் பிடித்தாலும் கையில் செம்மண் குழம்பு. மாப்பிள்ளையின் சட்டையில் அவருடைய கையே அச்சாக விழுந்திருந்தது.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஓர் எருமை குறுக்கே வந்தது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது, மாமாவின் கைகள் மட்டும் சுற்றி வந்தன. ஜீப் சாவகாசமாகக் கரையை விட்டு இறங்கி ஏரிச் சேற்றில் போய் நின்றது.

"பயப்படாதீங்க, இது எதிலயும் ஏறும்" என்றார் மாமா. உண்மைதான், ஏறியிருக்கும். நாலு சக்கரமும் இழுக்க ஒரு கம்பியைத் தள்ள வேண்டும். அதன் குமிழிலும் நாங்கள் எண்ணெய் தடவியிருந்தோம். பிடிக்கப் பிடிக்க அது வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று எல்லோர்மேலும் சேற்றை வாரி இறைத்தன.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, தன் கோட்டைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "துடைச்சீங்களா, தாளிச்சீங்களா?" என்று கேட்டார்.

கரையிலிருந்தே அவர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தார்கள். அந்த அம்மாளின் பட்டுப் புடவையின் பின்பக்கம் எங்கள் சீட்டின் தையல் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. தங்கையின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக அம்மாவிடம் அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். சீயக்காய் போட்டு எண்ணெயையெல்லாம் எடுத்தாள். காய்ந்ததும் மெழுகுவர்த்தித் துண்டை ஸ்டியரிங்கில் தேய்த்து, ஃபிளானல் துணியால் அழுத்தித் துடைத்தாள். ஏதோ பாமாலையை முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். ஸ்டியரிங் மறுபடி பளபளத்தது. தொட்டுப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா சித்தி?"

"தெரியும்."

"அப்போ ஏன் மாமாகிட்ட எண்ணெய்னு சொன்னே?"

அவள் துணியை மடித்து உட்பக்கத்தை வெளியே திருப்பினாள்.

"இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்ட ஜீப்பைப் பத்தி மட்டும்தானே கேட்டாங்க, பாப்பா."

அதில் என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜீப்பைப் பற்றித்தானே எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது? எனக்கும் ஒரு துண்டு மெழுகுவர்த்தி கேட்டு வாங்கிக்கொண்டு, கியர் குமிழைத் தேய்க்க உட்கார்ந்தேன்.