தம்பியைத் திருப்பித் தந்த பாண்

இதை எழுதுவோம் என்று எத்தனையோ வருடங்களாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை, தமிழும் அம்மா குசினி மேசையில் வைத்துச் சொல்லித் தந்ததுதான் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொள்வேன். உண்மை வேறு. அம்மா இருக்கும்வரை இதை எழுதப் பயம். போன தைப்பூசத்துக்கு முன் அம்மா இறைவனடி சேர்ந்துவிட்டார். இனிப் பிள்ளையார் துணை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்பிரிங்வேலில் வாடகை வீடு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. கோயில் என்று ஒன்றும் கிடையாது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த முருகன் படம்தான் எங்களுக்குக் கோயில். தம்பிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒரு தொப்பிக்குள் துண்டுகளைப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எடுத்த துண்டில் இருக்கும் நாட்டைப் பற்றித் திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும். எனக்கு வந்தது சிலி, தென்னமெரிக்காவில்.

அப்பா சிரித்தார். "சில்லியோ? செத்தல் மிளகாயைப் பற்றி எண்டால் கொம்மாவைக் கேள். அவவுக்குத்தான் அளவு தெரியாது."

சனிக்கிழமை அப்பா தொழிற்சாலைக்குப் போக, அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். இறைச்சிக் கடையில் சனம். "தம்பியின்ரை கையை விடாதை, உதிலை நில்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பக்கத்தில் பயணச்சீட்டு விற்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய உலகப் படம். எனக்கு வந்த நாட்டைத் தேடினேன். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. இரண்டு கைகளையும் கண்ணுக்கு அணைகட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டு கைகளையும். பிரேசிலைப்போல் அகன்ற நாடாக இருந்திருந்தால் உடனே கண்டிருப்பேன். இதுவோ கடலோரத்தில் கிழிந்து தொங்கும் சேலைக்கரைபோல ஒடுங்கிய நாடு. கண்டுபிடித்த சந்தோஷத்தில் திரும்பினேன். தம்பியைக் காணவில்லை.

"எங்கையடி தம்பி?"

"அவன்தான் கையை உதறிப்போட்டு ஓடினவன், அம்மா."

அந்தப் பொய் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கடை கடையாக ஓடினோம். ரயில் தண்டவாளம் பக்கத்தில்தான். அம்மா அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் "முருகா" என்று கத்தினார். பொலிஸ்காரர் வந்தார். பிள்ளை என்ன பேசுவான் என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே, "பசிச்சால் பாண் எண்டுவான், வேறை என்ன தெரியும் அவனுக்கு" என்றார். பிரெட்டைத்தான் எங்கள் ஊரில் பாண் என்போம். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, பொலிஸ்காரர் வலு கவனமாக எழுதிக்கொண்டார்.

இரண்டு மணித்தியாலம் போனது. அதற்குள் நான் நேர்ந்த நேர்த்திகளை நிறைவேற்றுவதென்றால் இன்றைக்கும் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போது வீதியின் மறுபக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முழங்கைவரை கோதுமை மா. இடுப்பில் தம்பி. அவன் கையில் ஒரு துண்டுப் பாண், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. கூடவே என்னைவிடக் கொஞ்சம் மூத்த மகள்.

அந்த அம்மா எங்கள் அம்மாவைக் காட்டித் தம்பியிடம், "மாமா? மாமா?" என்று கேட்டார்.

"மாமா கொழும்பிலை! நான் அம்மா! அம்மா!" என்று அலறியபடி அம்மா பாய்ந்து பிள்ளையைப் பறித்தார். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மாவாம்.

கழன்ற சப்பாத்தை எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் கதை முழுக்க விளங்கியது. மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவள் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கடைகளுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் நின்று தம்பி "பாண், பாண்" என்று அழுதிருக்கிறான். ஸ்பானிய மொழியிலும் அது பான்தான். சப்பாத்து என்றான், அதுவும் விளங்கிவிட்டது. நாற்காலியில் இருக்கப்போகிறேன் என்று "கதிரை, கதிரை" என்றான். அவர்களுக்கு அப்படியொரு சொல் இடுப்பைக் குறிக்குமாம். அந்த அம்மா உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கடைசியில், அம்மா சமையலறையில் என்று சொல்ல நினைத்து "அம்மா குசினி" என்றானாம். அம்மா சமைக்கிறா என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. இது நம்முடைய பிள்ளை, தாய் சமையல்காரி என்று முடிவுகட்டி, புதிதாக வந்தவர்கள் தங்கும் விடுதியின் சமையற்கூடத்துக்கும், ஸ்பானிய மொழி பேசும் மூன்று வீடுகளுக்கும் அவனைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார். இரண்டு மணித்தியாலம் போனது அதில்தான்.

"எந்த நாடு?" என்று கேட்டேன்.

"சீலே" என்றாள் மகள். எனக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டினாள். என் தொப்பித் துண்டில் இருந்த அதே எழுத்துக்கள்.

திங்கட்கிழமைப் பேச்சைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா, பாணுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்து, மேசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கயிறுபோல இழுத்தார். அதுதான் சிலி. மேல்முனையில் உலர்ந்த மாவைத் தூவினார்: மழையே காணாத பாலைவனம், கீழே செம்புச் சுரங்கம். ஒரு ஓரம் நெடுகக் கிள்ளிக் கிள்ளி நிமிர்த்தினார்: அந்திஸ் மலை. மற்ற ஓரத்தில் தேத்தண்ணீரை ஊற்றினார்: பசிபிக் கடல். மேசையைப் பிடித்து ஆட்டினார்: அடிக்கடி பூமி நடுங்குமாம், கண்ணாடிச் சாமானைத் தட்டு விளிம்பில் வைக்க மாட்டார்களாம். நடுவில் முந்திரிகை, அதுதான் திராட்சை, தோட்டங்கள். அதற்கும் தெற்கே, ஸ்பானியர் வருமுன்பே இருந்த மக்கள். அவர்கள் பெயருக்கே மண்ணின் மனிதர் என்றுதான் பொருளாம். மகள் ஒரு லேஞ்சியை எடுத்துச் சுழற்றி, அவர்கள் கைக்குட்டையோடு ஆடும் ஆட்டத்தைக் காட்டினாள். அடிமுனையை அந்த அம்மா சின்னத் தீவுகளாகப் பிய்த்து வைக்க, தம்பி அதில் இரண்டை எடுத்து விழுங்கிவிட்டான்.

"கறுமம், பச்சை மா!" என்றார் அம்மா.

"விடுங்கோ, அந்தத் தீவுகளில் சரியான குளிர். வயிற்றுக்குள் சூடாக இருக்கட்டும்" என்றாராம் அந்த அம்மா. என் அம்மா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

பிறகு அந்த அம்மா மா நாட்டின் நடுவில் ஒரு விரலை அழுத்தி, "வீடு" என்றார். விரலை உடனே எடுக்கவில்லை. எடுத்ததும் முழு நாட்டையும் உருட்டித் துணியால் மூடிவிட்டுத் தேத்தண்ணீர் வைத்தார். நாங்கள் ஐந்து பேர். ஆறு கோப்பை வைத்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி, அதற்குப் பக்கத்தில் ஒரு இளைஞனின் படம்.

"மகனோ? எங்கை இப்ப?" என்றார் அம்மா.

மகள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "அண்ணாவாம். எங்கை எண்டு தெரியாதாம்."

"வளர்ந்த பிள்ளையள் எங்கை வீட்டிலை சொல்லிப்போட்டுப் போகுதுகள்" என்றார் அம்மா.

புறப்படும்போது அந்த அம்மா, தம்பி எவ்வளவு நேரம் காணாமற் போயிருந்தான் என்று கேட்டார். அம்மா கண்ணீரோடு இரண்டு விரலைக் காட்டினார். அவரும் தன் இரண்டு விரலை உயர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினார். அம்மாவின் கறுப்புத் தலையில் மா ஒட்டியிருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று பின்னேரம் அப்பா விளக்கம் சொன்னார். "எங்கடை ஊரைப் பிடிச்ச பறங்கியன், அந்தப் போர்த்துக்கேயன், போட்டுட்டுப் போன சொல்லுகள். அவையின்ரை ஊரைப் பிடிச்ச ஸ்பானியன் பறங்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரன். கொள்ளையடிச்சவன் விட்டுப்போன சாமானாலை பிள்ளை கிடைச்சிருக்கு." அம்மாவுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு பூசையிலும், குறும்புக்காரப் பிள்ளை தமக்கையின் கையை உதறிவிட்டு ஓட, முருகனே பெண் உருவில் வந்து தூக்கித் தந்தார் என்றே சொன்னார். தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். நான் திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

பத்து வருடம் கழித்து, தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசினில் அந்த மகள் வந்து இருந்தாள். அப்போதுதான் சொன்னாள்: சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவளுடைய அண்ணாவை வீட்டு வாசலில் வைத்து ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்ட இடமெல்லாம் தெரியாது என்றார்கள். எங்கள் அம்மா இரண்டு விரலைக் காட்டியபோது அந்த அம்மாவுக்கு அது இரண்டாவது வருடம்.

தம்பிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. போன கிழமை அவனிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். "அக்கா, எனக்கு அந்தப் பாண் மட்டும்தான் ஞாபகம்" என்றான். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. முருகன் வந்தார் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் முழங்கைவரை மாவோடுதான் வந்தார் என்று சொல்லுங்கோ. கையை விட்டது நான். மேசையில் ஆறாவது கோப்பை இருந்தது. அந்த இரண்டையும் விட்டுவிடாதேங்கோ.