தொழில்: டீஜே

படிவங்களில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேனாவைப் போட்டுவிட்டுக் கணவரை நிரப்பச் சொல்லிவிடுவேன்.

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள், வீட்டில் இருப்பவர்களின் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டும். ஒழுங்காக வாடகை கட்டும் வீட்டில் இருக்க, நாங்கள் யாரென்று நாங்களே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு. பதினொரு வயது, கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள்.

யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த மாமா, அம்மாவின் தம்பி, டீஜே ஆகிவிட்டிருந்தார். கலியாண வீட்டில் பாட்டுப் போடுகிற டீஜே இல்லை. இரண்டு டர்ன்டேபிள், நடுவில் இரண்டின் சத்தத்தையும் கலக்கும் மிக்சர் ஒன்று. சுழலும் இசைத்தட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்து, அதில் இல்லாத தாளம் ஒன்றை வரவழைப்பார். அப்பாவைக் கேட்டால், நல்ல தட்டைப் பழுதாக்கும் வேலை. எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரிவதற்குத் தட்டில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மாமாவின் தட்டுகளுக்கு நான்தான் ஒட்டுவேன்.

காலிமுகத் திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் டீஜே போட்டி வந்தது. வென்றால் சிங்கப்பூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். மாமா ஆறு மாதமாக அதற்கே பழகினார். என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்திய வாரம் படிவம் வந்தது.

“மாமாவுக்கு என்ன எழுத?”

“டீஜே எண்டு எழுது,” என்றார் மாமா.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “விசர்க் கதை. நாளைக்கு இவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? எலெக்ட்ரோனிக்ஸ் டெக்னீஷியன் எண்டு எழுது பிள்ளை.”

பொலிஸ் படிவத்தைப் பெண் வீட்டார் வந்து வாசிப்பார்கள் என்று பயந்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். நான் எழுத்துகளுக்கு வால் வைத்து, அழகாக எழுதினேன்.

போட்டியன்று காலையில் பொலிஸ்காரர்கள் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். மாமா மிக்சரைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். வயர்கள் வெளியே கிடந்தன. அதிகாரி கையில் எங்கள் படிவம்.

“என்ன திருத்துகிறாய்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“திருத்தத் தெரியாது. நான் டீஜே,” என்றார் மாமா, அதே சிங்களத்தில்.

“இதில் டெக்னீஷியன் என்றிருக்கிறதே?”

மாமா அப்பாவைப் பார்த்தார். “அத்தான், சொல்லுங்கோ.”

பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்தது குற்றம் என்ற பயம் அப்பாவுக்கு. “டெக்னீஷியன்தான்,” என்றார். ஒரு சொல், அதோடு முடிந்தது. வயர் பொருத்தத் தெரிந்த தமிழ்ப் பொடியன் என்றால் அந்த நாளில் குண்டு செய்பவன் என்றுதான் அர்த்தம். மிக்சரோடு மாமாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது அதிகாரி படிவத்தைக் காட்டி, இது யாருடைய கையெழுத்து, நன்றாக இருக்கிறது என்றார். நான் கையை உயர்த்தினேன்.

போட்டிக்குப் போகவென்று போட்ட வெள்ளைச் சட்டையோடு பின்னேரம் ஆறு மணி வரை ஜன்னலில் நின்றேன். அன்றைக்கு என் ஆத்திரமெல்லாம் மாமா மேல்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத மனிதர்!

திங்கட்கிழமை மாமா வந்தார். மிக்சர் வரவில்லை. போட்டியில் வேறு ஒருவன் வென்று சிங்கப்பூர் போனான். இரண்டு வாரம் நான் மாமாவோடு கதைக்கவில்லை. மாமாவோ அப்பாவோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அம்மாதான் இரண்டு பக்கமும் பேசினாள். அப்பா ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கடைசிவரை கேட்கவில்லை, அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அடுத்த முறை படிவம் வந்தபோது, தொழில் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

மாமாதான் சொன்னார்: “மிக்சர் இல்லாதவன் என்ன டீஜே? டெக்னீஷியன் எண்டே எழுது பிள்ளை.”

அப்பாடா, சண்டை முடிந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். முன்னதைவிட அழகாக எழுதினேன்.