கதவில் ஒட்டிய மா

லிந்துலையில் மத்ரஸா நடத்தும் பேக்கரியின் நீலக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கறை இருக்கிறது. சுரண்டிப் பார்த்தார்கள், மேலே சாயம் பூசியும் பார்த்தார்கள். மழைக்காலம் வந்தால் அது மறுபடி வெளியே வந்து நிற்கிறது. அது என் கைவேலை. பாண் வாங்கப் போனால் கதவைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறேன்.

நான் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியத்தைச் செய்வதற்கான வழிகளை விட, செய்யாமல் விடுவதற்கான வழிகள் எனக்கு அதிகம் தெரியும். அதை அறிவு என்று நம்பித்தான் மத்ரஸாவின் ஆசிரியரான ஹஸ்ரத் ஆலோசனைக்கு என் வீட்டுக்கு வருவார். டயகம, பூண்டுலோயாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே தங்கி ஓதினார்கள். அவர்களுடைய சோறு அந்தப் பேக்கரியிலிருந்துதான் வந்தது. பேக்கரியின் உயிரோ மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் இருந்தது. என் பெரியப்பா மகள், கொழுந்து பறித்தே முதுகு வளைந்த அக்கா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலைகளில் கிடக்கும் மிலாறுக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, மற்றப் பெண்களோடு சுமந்து வந்து பேக்கரியின் பின்வாசலில் போடுவாள். அதில் பாண் சுடும் போறணை எரியும். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் சூடான பாண் லயத்துக்கு ஏறும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஹஸ்ரத் தட்டுகளைத் தனியாகக் கழுவவைத்து, முட்டை சேர்க்காமல் பணிஸ் போடச் சொல்வார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாடு எனக்கு ஒழுங்கீனமாகவே பட்டது.

மாவும் சமையல் கேஸும் நாட்டிலிருந்தே காணாமல் போன வருடம் அது. ஹஸ்ரத் என் கூடத்தில் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மா தீர்ந்துவிட்டது, லயத்து ஆட்களிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. முகம் தேவையில்லை, அறிவித்தல் போதும் என்றேன். "தவிர்க்க முடியாத காரணங்களினால் மறு அறிவித்தல் வரை மூடப்பட்டிருக்கும்." என் கையாலேயே எழுதினேன். ஒட்டப் பசை இருக்கவில்லை. பேக்கரி மாப்பெட்டியின் மூலையைச் சுரண்டிக் காய்ச்சினோம். கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தேன்.

மறுநாள் பேக்கரியின் புகைக்கூண்டில் புகை இல்லை. லயத்து வாசலில் நின்றால் அதுதான் முதலில் கண்ணில் படும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தவரை அடுப்பு எரியாதது சாவு வீட்டில்தான். கதவில் கடுதாசி வேறு தொங்கியது. மத்தியானம் அக்காவும் பெண்களும் துக்கத்துக்குப் போகும் நடையில் இறங்கி வந்தார்கள். தலையில் மிலாறு, கையில் மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சுட்ட ரொட்டி.

"யாருங்க தவறுனது?" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹஸ்ரத்திடம் கேட்டாள்.

"யாரும் மவுத்தாகல்லம்மா. மா முடிஞ்சி. சொல்ல வெக்கமா இருந்திச்சி."

அக்கா, அறிவித்தலைப் பார்க்க வந்து நின்ற என் பக்கம் திரும்பி, கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன். அப்படியென்றால் என்ன என்றாள். மா இல்லை என்று அர்த்தம் என்றேன். அவள் கடுதாசியின் ஓரத்தை விரலால் நெருடி, மலைக் குளிரில் இன்னும் ஈரம் காயாத பசையை உருட்டிப் பார்த்தாள்.

"ஏந் தம்பி, மா இல்லேன்னு சொல்றதுக்கு மட்டும் மா இருந்துச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். ஹஸ்ரத்தும் சிரித்துவிட்டார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொண்டாறோம்ங்க," என்றாள் அக்கா. "பிள்ளைங்களுக்குப் போக மிச்சத்த மேல அனுப்புங்க."

பொழுது சாய்வதற்குள் பால்மா டின்களிலும் முந்தானை முடிச்சுகளிலும் மா இறங்கியது. தட்டுப்பாடு தீரும்வரை அந்தப் போறணை அணையவில்லை.

ஹஸ்ரத் என் கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்று, அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒரு பை மா இருந்தது. நான் அதை ஒளித்து வைக்கவில்லை. ஒளித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அந்த மா என் நினைவுக்கே வரவில்லை. நினைவுக்கு வந்தது அறிவித்தல்தான்.

போன கவ்வாத்துக் காலத்தில் அக்கா இறந்துபோனாள். அன்று காலை லயத்து வாசலில் நின்று கீழே பார்த்தோம். பேக்கரியில் புகை இல்லை. கதவில் எந்தக் கடுதாசியும் இல்லை. ஏன் என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூடிய நீலக் கதவில் என் கறை மட்டும், அத்தனை தூரத்திலிருந்தும், வெள்ளையாகத் தெரிந்தது.